மேரி கண்ட மீன்பல்லிகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்தில், லைம் ரீஜிஸ் என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். ஊரின் இரண்டு பக்கமும் கடலை ஒட்டிக் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு சுண்ணாம்புக்கல், அதன்மேல் ஓர் அடுக்கு களிமண், மறுபடி கல், மறுபடி களிமண் என்று யாரோ அடுக்கி வைத்தது போலவே இருக்கும். குளிர்காலத்தில் புயலும் மழையும் வந்தால் இந்தக் குன்றுகள் பொலபொலவென்று சரியும். சரிந்த மண்ணுக்குள்ளிருந்து சுருள் சுருளான கற்கள் உருண்டு வரும்.

சாளக்கிராமக் கல் பார்த்திருக்கிறீர்களா, குட்டி நண்பர்களே? சிலர் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும். லைம் ரீஜிஸின் சுருள் கல்லும் அதே ஜாதிதான். இரண்டுமே அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின் ஓடு, கல்லாக மாறிப் போனவை. இப்படி மண்ணில் புதைந்து கல்லாகிப் போன உயிர்களின் மிச்சத்தைப் புதைபடிவம் என்று சொல்கிறோம். லைம் ரீஜிஸ் குன்றுகளில் இருப்பவை ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் பழமையானவை.

அந்த ஊரில் 1799-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி பிறந்தவர் மேரி ஆனிங். அப்பா ரிச்சர்ட், மரத் தச்சர். ஏழைக் குடும்பம். பத்துக் குழந்தைகள் பிறந்தும் பெரியவர்களாகி வாழ்ந்தவர்கள் இரண்டே பேர்தான். அண்ணன் ஜோசப்பும் மேரியும். மேரி பிறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒரு சின்ன அக்காள் தீ விபத்தில் இறந்து போயிருந்தாள். அவள் பெயரும் மேரிதான். அந்தப் பெயரையே தங்கைக்கு வைத்தார்கள்.

இந்த மேரியும் தப்பிப் பிழைத்தது பெரிய ஆச்சரியம். 1800-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஊருக்கு வெளியே குதிரைச் சவாரி வித்தை நடந்தது. கூட்டத்தில் ஒரு பெண்ணின் இடுப்பில் 15 மாதக் குழந்தை மேரி. திடீரென்று மழை. அந்தப் பெண் இன்னும் இருவரோடு ஒரு மரத்தடியில் ஒதுங்கினார். மின்னல் அந்த மரத்தின் மேலேயே இறங்கியது. மூன்று பெண்களும் அதே இடத்தில் இறந்து விட்டார்கள். மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த குழந்தையை வீட்டுக்குத் தூக்கிப் போய் வெந்நீரில் குளிப்பாட்டியதும் அது கண் விழித்தது. (மழை பெய்யும்போது மரத்தடியில் நிற்கக் கூடாது என்று டீச்சர் சொல்வது இதனால்தான்!)

அப்பாவுக்கு ஒரு பக்க வருமானம் உண்டு. குன்றடியில் கிடக்கும் விநோதக் கற்களைப் பொறுக்கி வந்து, கடை வாசலில் ஒரு மேசை போட்டு, ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்களிடம் விற்பார். அம்மோனைட்டுக்கு அந்த ஊரில் பாம்புக்கல் என்று பெயர். நீளமாகக் கூர்முனையோடு இருக்கும் இன்னொரு கல்லுக்குப் பேய்விரல். ஜோசப்பையும் மேரியையும் கூடவே அழைத்துப் போவார். எங்கே தேட வேண்டும், உளியை எப்படிப் பிடிக்க வேண்டும், கடல் ஏறி வருவதற்குள் எப்போது ஓடி வந்துவிட வேண்டும் என்பதெல்லாம் மேரி கற்றது அப்பாவிடம்தான். எழுதப் படிக்கக் கற்றது தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில். அதற்குமேல் பள்ளிப் படிப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை.

1810-ஆம் ஆண்டு அப்பா இறந்து போனார். அவருக்குக் காசநோய் இருந்தது. குன்றிலிருந்து கீழே விழுந்து அடியும் பட்டிருந்தது. விட்டுச் சென்றது 120 பவுண்டு கடன். ஏழைகளுக்குத் தரப்படும் உதவிப் பணத்தில் குடும்பம் நாட்களைத் தள்ளியது. பாம்புக்கல் விற்பது அதுவரை பொழுதுபோக்கு. இனி அதுதான் சோறு.

அடுத்த ஆண்டு ஜோசப் கண்ணில் ஒரு பெரிய மண்டை ஓடு பட்டது. நீளம் நான்கு அடி! நீண்ட மூக்கு, வரிசை வரிசையாகப் பற்கள், தட்டு அளவுக்குக் கண் குழி. முதலை என்றுதான் ஊரே நினைத்தது. உடல் எங்கே? அதைக் காணோம். ஜோசப் வேலை பழகப் போய்விட்டான். மேரி விடவில்லை. பல மாதங்கள் கழித்து, 1812-இல், மீதி எலும்புகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். கூலியாட்களை வைத்து வெட்டி எடுத்தார்கள். மொத்தம் 17 அடி. இரண்டு ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். மேரிக்கு அப்போது 12 அல்லது 13 வயது.

அந்த எலும்புக்கூட்டை அந்தப் பகுதியின் நிலக்கிழார் 23 பவுண்டு கொடுத்து வாங்கினார். கடன் 120 பவுண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அவரிடமிருந்து அது லண்டனில் ஒரு கண்காட்சிக்குப் போனது. 1819-இல் ஏலத்தில் பிரிட்டிஷ் மியூசியம் அதை 45 பவுண்டுக்கு மேல் கொடுத்து எடுத்தது. அந்த மண்டை ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடல் எலும்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. மேரி அவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடியது அந்த உடலைத்தான்!

லண்டன் அறிஞர்கள் அதை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக் கொண்டார்கள். முதுகெலும்பைப் பார்த்தால் மீன் மாதிரி. மண்டையைப் பார்த்தால் பல்லி இனம் மாதிரி. கால் இருக்க வேண்டிய இடத்தில் துடுப்பு. கடைசியில் இக்தியோசாரஸ் என்ற பெயர் நிலைத்தது. கிரேக்க மொழியில் இதற்கு மீன்பல்லி என்று பொருள்.

பெயர்தான் மீன்பல்லி. உண்மையில் அது மீனும் இல்லை, பல்லியும் இல்லை, டைனோசரும் இல்லை! அது கடலில் வாழ்ந்த தனியொரு ஊர்வன இனம். மீனைப் போலச் செவுள் கிடையாது. திமிங்கலம் போல மேலே வந்து மூச்சு விடும். முட்டை இடாது; கடலுக்குள்ளேயே குட்டி போடும். தாயின் வயிற்றுக்குள் குட்டிகளின் எலும்பு இருக்கும் புதைபடிவங்கள் பின்னாளில் கிடைத்திருக்கின்றன. தரையில் வாழ்ந்த ஏதோ ஓர் ஊர்வன இனம் கடலுக்குள் இறங்கி, நீந்தி நீந்தி, தலைமுறை தலைமுறையாக டால்பின் வடிவத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் எல்லா மீன்பல்லியும் ஒன்றல்ல. இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் மேரி. ஏனென்றால் அவர் ஓர் எலும்புக்கூட்டோடு நிறுத்திக் கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஆண்டு குன்றடியில் அலைந்து மேலும் மேலும் எடுத்தார். சிலதற்குப் பல் தட்டை, சிலதற்குக் கூம்பு. ஒன்றுக்கு மூக்கு கட்டையாக இருக்கும், மற்றொன்றுக்கு ஊசி போல மெலிந்து நீளும். ஒன்று ஆள் உயரம்தான் வரும், இன்னொன்று முப்பது அடியைத் தொடும். 1821-இலும் 1822-இலும் ஹென்றி டி லா பீச், வில்லியம் கோனிபியர் என்ற இரண்டு அறிஞர்கள் இந்த எலும்புகளை ஆராய்ந்து, நான்கு வகை மீன்பல்லிகள் உண்டு என்று பிரித்துப் பெயர் வைத்தார்கள். டி லா பீச் சிறு வயதிலிருந்தே மேரியோடு கடற்கரையில் கல் தேடிய நண்பர். வகை பிரிக்க அவர்களுக்கு உதவிய எலும்புகளில் பல, மேரியின் சுத்தியல் எடுத்துக் கொடுத்தவை. ஜோசப் கண்டெடுத்த அந்த முதல் மண்டை ஓடு, நான்கில் மிகப் பெரிய வகையைச் சேர்ந்தது. இன்று அதற்குத் டெம்னோடோன்டோசாரஸ் என்று பெயர். சொல்லிப் பார்ப்பதற்குள் நாக்கு சுளுக்கிக் கொள்ளும்!

வேலை எளிது என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில்தான் மண்சரிவு, அப்போதுதான் புதிய எலும்பு வெளியே தெரியும். ஓரிரு நாளில் எடுக்காவிட்டால் அலை அடித்துக் கொண்டு போய்விடும். கையில் கூடை, சுத்தியல், பக்கத்தில் ட்ரே என்ற கறுப்பு வெள்ளை நாய். எடுத்து வந்த பிறகு எலும்பைச் சுற்றியிருக்கும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். பிறகு ஒரு சட்டத்தில் வைத்துச் சாந்து பூசிப் பொருத்த வேண்டும். பிறகு படம் வரைய வேண்டும்.

புத்தகம் வாங்கக் காசு கிடையாது. யாராவது அறிஞரின் கட்டுரையை இரவல் வாங்கி, படங்கள் உட்பட முழுவதையும் கையாலேயே எழுதி வைத்துக் கொள்வார். சமையலறைக்கு வரும் மீனையும் கணவாயையும் அறுத்து, உள்ளே எலும்பும் தசையும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பார். 1824-இல் லண்டனிலிருந்து வந்த ஒரு சீமாட்டி, எலும்பைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த இனம் என்று இந்தப் பெண் சொல்லிவிடுகிறாள் என வியந்து நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

வறுமை மட்டும் போகவில்லை. ஒரு முழு ஆண்டு நல்ல எலும்பு எதுவும் கிடைக்காமல், வாடகை கொடுக்க வீட்டு நாற்காலி மேசைகளை விற்கும் நிலை வந்தது. தாமஸ் பர்ச் என்ற ராணுவ அதிகாரி இதைப் பார்த்தார். ஆனிங் குடும்பத்திடம் பல எலும்புகள் வாங்கியவர் அவர். 1820-இல் தன் சேகரிப்பு முழுவதையும் லண்டனில் ஏலம் விட்டு, வந்த 400 பவுண்டைக் கொண்டு அந்தக் குடும்பத்துக்கு உதவினார். இப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

1823 டிசம்பரில் மேரி எடுத்தது வேறொரு விலங்கு. மிக நீண்ட கழுத்து, சின்னத் தலை, நான்கு துடுப்பு. பிளீசியோசாரஸ் என்ற கடல் ஊர்வனத்தின் முதல் முழு எலும்புக்கூடு அது. பாரிஸில் இருந்த குவியே, அந்நாளில் உலகிலேயே பெரிய எலும்பு அறிஞர். படத்தைப் பார்த்தார். ஒரு கழுத்தில் இத்தனை எலும்பு இருக்க முடியாதே, இரண்டு விலங்கின் எலும்புகளை யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். மேரிக்கு அது வாழ்வா சாவா என்ற விஷயம். ஏமாற்றுக்காரி என்று பெயர் வந்தால் பிறகு யார் வாங்குவார்கள்? 1824 பிப்ரவரியில் லண்டன் புவியியல் சங்கத்தில் இதற்காகவே கூடி வாதாடினார்கள். எலும்புக்கூடு அசல்தான் என்று முடிவானது. குவியே தன் தவறை ஒப்புக் கொண்டார். அந்தக் கூட்டத்தில் மேரி இல்லை. பெண்களுக்கு அங்கே இடமில்லை. கோனிபியர் அந்த விலங்கைப் பற்றி வாசித்த கட்டுரையில் மேரியின் பெயரும் இல்லை.

மேரிக்கு இது உறைத்தது. அறிஞர்கள் தன்னிடம் கேட்டுத் தெரிந்து கொண்டு, புத்தகம் போட்டுப் பெயர் வாங்குகிறார்கள் என்று நெருங்கியவர்களிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் எழுதியதில், அவர் உயிரோடு இருந்தபோது அறிவியல் இதழில் அச்சானது ஒரே ஒரு கடிதத்தின் பகுதி, 1839-இல்.

மீன்பல்லியின் வயிற்றுப் பகுதியில் உருண்டையான கற்கள் அடிக்கடி கிடைத்தன. மேரி அவற்றை உடைத்துப் பார்த்தார். உள்ளே மீன் முள்ளும் செதிலும்! அது என்ன தெரியுமா? மீன்பல்லியின் சாணம்! கல்லாகிப் போன சாணம். சிரிக்காதீர்கள். 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த விலங்கு என்ன சாப்பிட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. மேரி பார்த்துச் சொன்னதையும் வைத்து, ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பக்லேண்ட் 1829-இல் இதை எழுதினார். அதற்கு கோப்ரோலைட் என்று பெயர் வைத்தார்.

இன்னொரு வேடிக்கை. பேய்விரல் என்றார்களே, அது கணவாய்க்குச் சொந்தமான ஒரு பழைய உயிரின் உடல் பாகம். அதில் சிலவற்றில் காய்ந்து போன மைப் பை இருப்பதை 1826 வாக்கில் மேரி கவனித்தார். அவருடைய தோழி எலிசபெத் பில்பாட் அந்த மையைத் தண்ணீரில் குழைத்தார். கரைந்தது! அந்த மையைத் தொட்டே மீன்பல்லியின் மண்டை ஓட்டைப் படமாக வரைந்தார். மீன்பல்லிக்கும் அந்த மைக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

1826-இல் மேரி கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு வீட்டை வாங்கி, கீழே கடை வைத்தார். பேராசிரியர்கள் வெளிநாடுகளிலிருந்தும் வந்தார்கள். 1828-இல் பறக்கும் ஊர்வனம் ஒன்றைக் கண்டெடுத்தார். ஜெர்மனிக்கு வெளியே அதுபோல் கிடைத்தது அதுவே முதல் தடவை. 1830-இல் டி லா பீச், மேரி எடுத்த விலங்குகள் எல்லாம் ஒரு கடலில் உயிரோடு நீந்துவது போல ஓர் ஓவியம் வரைந்தார். அதன் அச்சுப் பிரதிகளை விற்று வந்த பணம் மேரிக்குப் போனது. படத்தின் நடுவே ஒரு பெரிய மீன்பல்லி பிளீசியோசாரஸின் கழுத்தைக் கவ்விக் கொண்டிருக்கும். அந்த மீன்பல்லியின் முதுகில் துடுப்பு இருக்காது, கவனியுங்கள். எலும்பில்லாத சதைத் துடுப்பு அது. மேரியின் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1890-களில் ஜெர்மனியில் தோலின் அச்சோடு கிடைத்த புதைபடிவங்களில்தான் தெரிந்தது.

1833 அக்டோபரில் ஒரு நாள், குன்று திடீரென்று சரிந்தது. மேரியின் காலடிக்கு மிக அருகில் இருந்த ட்ரே, அவர் கண் முன்னாலேயே மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு நொடி முந்தியோ பிந்தியோ இருந்தால் மேரியும் போயிருப்பார். பல நாள் அழுதார். பிறகு மறுபடி கூடையை எடுத்துக் கொண்டு அதே குன்றடிக்குப் போனார். வேறு வழி?

1835-இல் சேமிப்பில் பெரும்பகுதி பறிபோனது. பக்லேண்ட் அலைந்து திரிந்து, அறிஞர்களிடமும் அரசாங்கத்திடமும் பேசி, ஆண்டுக்கு 25 பவுண்டு உதவித் தொகை கிடைக்கச் செய்தார். 1844-இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டு மன்னரே கடைக்கு வந்து ஒரு மீன்பல்லி எலும்புக்கூடு வாங்கினார். கூட வந்த அரண்மனை மருத்துவர் தன் குறிப்பேட்டை நீட்டிப் பெயரை எழுதச் சொன்னார். மேரி எழுதிக் கொடுத்து, ஐரோப்பா முழுக்க இந்தப் பெயர் தெரியும் என்று நிமிர்ந்து சொன்னாராம்.

1847 மார்ச் 9-ஆம் தேதி, 47 வயதில், மார்பகப் புற்றுநோயால் மேரி இறந்தார். புவியியல் சங்கத்தின் தலைவராக இருந்த டி லா பீச், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவரைப் பற்றி அஞ்சலி உரை ஆற்றினார். ஊர்த் தேவாலயத்தில் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலும் வைத்தார்கள். பெண்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான்கு வகை என்று தொடங்கிய மீன்பல்லிக் கணக்கு அதன் பிறகு எங்கேயோ போய்விட்டது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த இனம் அது. இடையில் எத்தனை விதங்கள்! சீனாவில் கிடைத்த ஆரம்ப காலத்து உறவுக்காரன் ஒன்று ஒன்றரை அடிகூட இல்லை. ஆப்தால்மோசாரஸ் என்பதற்குக் கண் மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆழ்கடல் இருட்டில் இரை தேட அது உதவியிருக்கும். யூரைனோசாரஸுக்கு மேல்தாடை வாள் மாதிரி நீண்டிருக்கும். கீழ்த்தாடை பாதியிலேயே நின்றுவிடும். நம் ஊரிலும் உண்டு. திருச்சி அருகே ஊட்டத்தூர் பகுதிப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்புகளைப் பார்த்து, லைடெக்கர் என்ற அறிஞர் 1879-இல் ஒரு மீன்பல்லிக்கு இண்டிகஸ் என்றே பெயர் வைத்தார். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த ஏறக்குறைய முழு எலும்புக்கூடு பற்றி 2017-இல் செய்தி வந்தது.

மேரியின் பெயரில் சுவிட்சர்லாந்து அறிஞர் அகாசிஸ் 1840-களில் இரண்டு பழங்கால மீன்களுக்குப் பெயர் வைத்திருந்தார். ஆனால் மீன்பல்லி ஒன்றுக்கும் மேரி பெயர் இல்லை. இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகர அருங்காட்சியகத்தில், வெறும் பிளாஸ்டர் நகல் என்று எண்ணி ஒரு மீன்பல்லியை வைத்திருந்தார்கள். டீன் லோமாக்ஸ் என்ற இளைஞர் 2008-இல் அதைப் பார்த்தார். அசல்! டார்செட்டில் எடுத்தது. வயிற்றில் கணவாய் தின்ற அடையாளம்கூட இருந்தது. அமெரிக்க அறிஞர் ஜூடி மசாரேயோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான மீன்பல்லிகளோடு ஒப்பிட்டார். துடுப்பு எலும்பின் வடிவம் வேறு. இது தனி வகை. 2015-இல் அதற்கு வைத்த பெயர் இக்தியோசாரஸ் ஆனிங்கே.

லைம் ரீஜிஸில் மேரிக்கு 2022 மே 21-ஆம் தேதி சிலை வைத்தார்கள். ஊரில் மேரிக்கு ஏன் சிலை இல்லை என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்டதில் தொடங்கிய முயற்சி அது. கையில் சுத்தியல், காலடியில் ட்ரே.

டார்செட்டுக்குப் பக்கத்து மாவட்டம் சோமர்செட். அங்கே 2020 மே மாதம் கடற்கரையில் அப்பாவோடு நடந்து கொண்டிருந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி, பெரிய எலும்புத் துண்டு ஒன்றைப் பார்த்தாள். தேடத் தேட மேலும் துண்டுகள். ஒட்டிப் பார்த்தால் தாடை எலும்பு; இரண்டு மீட்டருக்கு மேல். முழு விலங்கு 25 மீட்டர் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்; இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் நீளம். 2024-இல் அதற்கு இக்தியோடைட்டன் என்று பெயர் சூட்டி அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஆறு பேர். அதில் ஒரு பெயர் அந்தச் சிறுமியுடையது.